நோன்பு மாதத்தில் விருந்தாளிகளாகப் போகிறவர்களுக்கு

ரமலான் நோன்பு தொடங்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. ரங்கூனிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ‘எந்தத் தேதி தொடங்குகிறது’ என்று மட்டும் கேட்ட நாலு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பிறை பார்த்துத்தான் தெரியும், அன்று மஃரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை) பிறகு பக்கத்துப் பள்ளிவாசலில் கேளுங்கள். வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும் என்று போன வருஷமும் எழுதினேன்.

ஆபீசில் பக்கத்து மேசைக்காரர் நோன்பு. நான் மத்தியானம் சாப்பிடலாமா? (தாமுவே)

தாராளமாகச் சாப்பிடுங்கள். அவர் முகத்துக்கு நேரே டப்பாவைத் திறக்க வேண்டாம், ‘ஒரு வாய்’ என்று நீட்டவும் வேண்டாம், அவ்வளவுதான்.

தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்களா?

மாட்டார்கள். சஹர் (விடியலுக்கு முந்தின சாப்பாடு) முடிந்ததிலிருந்து மஃரிப் பாங்கு வரை ஒரு சொட்டும் கிடையாது, இப்போதெல்லாம் நம் ஊரில் சுமார் 13 மணி நேரம். இதை நோன்பாளியிடமே போய்க் கேட்காதீர்கள். அன்றைக்கு அவரிடம் அதைக் கேட்கும் பத்தாவது ஆளாக நீங்கள் இருப்பீர்கள்.

திஞ்ஞானில் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) நோன்பாளி மேல் தண்ணீர் ஊற்றினால் நோன்பு முறியுமா?

மேலே பட்டால் முறியாது, விழுங்கினால்தான் முறியும். 2022, 2023 இரண்டு வருஷமும் நோன்பும் திஞ்ஞானும் சேர்ந்து வந்தன. இப்போது நோன்பு அதைத் தாண்டி முன்னால் போய்விட்டது.

பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்புக் கஞ்சியை நாங்களும் வாங்கலாமா? நாங்கள் இந்துக்கள். (சிரியம்)

வாங்கலாம், யாரும் உங்கள் மதத்தைக் கேட்க மாட்டார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு போங்கள். மூடி உள்ள தூக்குவாளி கொண்டுபோங்கள். அண்டாவிலிருந்து அப்படியே ஊற்றுவார்கள், பிளாஸ்டிக் பை அந்தச் சூட்டைத் தாங்காது. அப்புறம் முக்கியமான ஒன்று, நீங்கள் சைவமா என்று எழுதவே இல்லையே? அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் என்று மணம் சைவம் மாதிரிதான் வரும், ஆனால் பெரும்பாலும் கொத்துக்கறி போட்டிருக்கும். கரண்டி பிடிப்பவரிடம் கேட்டுவிட்டு வாளியை நீட்டுங்கள்.

நோன்பு திறக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்போது போவது, என்ன கொண்டுபோவது?

பாங்குக்குப் பத்து நிமிடம் முன்னால் போங்கள். கூப்பிடாமல் போகிறவர்கள் தயவுசெய்து ஃபோன் பண்ணிவிட்டுப் போங்கள், அதுவும் மஃரிபுக்கு முந்தின அரை மணி நேரத்தில் போகவே போகாதீர்கள். சமோசா எண்ணெயில் இருக்கும், சர்பத் பாதி கரைந்திருக்கும், அந்த வீட்டுப் பெண்ணுக்கு உங்களுக்கு நாற்காலி போடக்கூட நேரம் இருக்காது.

பேரீச்சம்பழமோ மற்றப் பழமோ கொண்டுபோங்கள். மொஹிங்கா நூடுல்ஸும் டான்பௌக் பிரியாணியும் கடையில் வாங்கிக்கொண்டு போய், அது ஹலால் கடைதானா என்று அவர்கள் கேட்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் தவிக்க விடாதீர்கள். பாங்கு சொன்னதும் பழமும் தண்ணீருமாகத் திறந்துவிட்டுத் தொழ எழுந்து போவார்கள். உங்களைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பத்து நிமிடத்தில் வருவார்கள், சாப்பாடு அதற்கப்புறம்தான்.

தோழி வீட்டுக்குப் பகலில் போனேன். அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ‘நீ நோன்பு இல்லையா’ என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. நான் என்ன தப்பு செய்தேன்? (பசுண்டாங் வாசகி)

கேட்டதுதான் தப்பு. நீங்களும் ஒரு பெண், கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு வைக்கக் கூடாது, விட்டதைப் பிறகு களாவாக வைப்பார்கள். நோயாளி, பயணி, கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய் எல்லாருக்கும் விலக்கு உண்டு. வைக்கவே முடியாத முதியவர்கள் ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு உணவு என்று ஃபித்யா கொடுப்பார்கள். இதில் எந்தக் காரணத்தையும் விருந்தாளிக்குச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. தம்பி மகள், பத்தொன்பது வயது, அடுப்படியில் டம்ளரோடு நின்றாள். பழக்கப்பட்ட ஒரு அம்மா உள்ளே வந்து, கூடத்தில் இருந்த ஆண்களுக்கும் கேட்கிற குரலில், ‘ஏம்மா, உனக்கு நோன்பு இல்லையா’ என்றார். பிள்ளை பதில் சொல்லவில்லை, டம்ளரை மெதுவாகத் தொட்டியில் கவிழ்த்தாள். டீ முழுசாக அப்படியே போனது. அடுத்த மூன்று நாளும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த அம்மா கெட்டவர் இல்லை, நல்ல மனசுக்காரர்தான், இருந்தாலும் கோபம் எனக்கு ஆறவில்லை. நம் முஸ்லிம் வீட்டு ஆண்களும் இதையே கேட்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்: யார் நோன்பு, யார் இல்லை என்று கணக்கெடுக்காதீர்கள். தோழியிடம் மன்னிப்புக் கேளுங்கள், ஆனால் காரணத்தை விசாரிக்காதீர்கள்.

சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்களை பகதூர் ஷா தர்காவுக்கு நோன்பில் கூட்டிப்போகலாமா?

போகலாம். கடைசி முகலாயர், 1862இல் ரங்கூனிலேயே மறைந்தவர், எல்லா மதத்தவரும் வருகிற இடம். பகோடாவுக்குப் போய் நமக்குச் செருப்பைக் கழற்றிப் பழக்கம்தான், கூடவே பெண்கள் தலையையும் மூடிக்கொள்ளுங்கள். லுங்கி நல்ல உடைதான், அரைக்கால் சட்டைதான் வேண்டாம். தொழுகிறவர்களுக்குக் குறுக்கே நடக்காதீர்கள், அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

மண்டலேயில் நிலநடுக்கத்தில் மகனை இழந்த குடும்பத்தை நோன்பில் பார்க்கப் போகிறேன். ‘ரமலான் முபாரக்’ சொல்லலாமா?

வேண்டாம், ஸலாம் சொல்லுங்கள், போதும். 2025 மார்ச் 28, நோன்பின் கடைசி வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல்களில் கூடியிருந்த நேரத்தில்தான் நிலநடுக்கம் வந்தது. தேதி எங்கே நகர்ந்தாலும் பல வீடுகளில் நோன்பின் கடைசி ஜும்மாதான் அந்த நாள். அன்றைக்குப் போவதானால் பேசுவதற்கு எதுவும் தயார் செய்துகொண்டு போகாதீர்கள். மகன் பேரை அவர்களே எடுத்தால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். போகுமுன் ஃபோன் பண்ணிவிடுங்கள்.