பெட்ரோலா, கரண்டா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரின் டிஸ்ப்ளே லிட்டருக்கு 18 கி.மீ. என்று காட்டுகிறது. பங்கில் கொடுக்கும் காசைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. சரியான மைலேஜ் எப்படிப் பார்ப்பது?
– வாசகர், திருச்சி

500 ரூபாய்க்குப் போடு, 1,000 ரூபாய்க்குப் போடு என்று போட்டுக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் தெரியாது. டேங்க்கை ஒரு தடவை ஃபுல் பண்ணுங்கள், கன் தானாக நிற்கும் இடத்தோடு சரி, "ரவுண்டு பண்ணிடவா சார்" என்று பங்க்காரர் கேட்பார், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரிப் மீட்டரை சைபர் ஆக்குங்கள். அடுத்த முறையும் அதே பங்கில் அதேபோல ஃபுல் பண்ணி, ஓடிய கிலோமீட்டரை இப்போது ஏறிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். இதுபோல மூன்று நான்கு தடவை எடுத்து சராசரி பாருங்கள். ஊருக்குள் ஏ.சி. போட்டு ஓட்டினால் டிஸ்ப்ளே சொல்வதைவிடக் குறைவாக வந்தாலும் ஆச்சரியமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் சக்தி கொஞ்சம் குறைவு என்பதும் இதில் சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: மாதம் 1,000 கி.மீ. ஓடுகிறோம், எல்லாம் சென்னைக்குள்தான். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுக்கிறது. எலெக்ட்ரிக் வாங்கலாம் என்கிறார் கணவர். வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஆகிறது, பில் 1,200 ரூபாய்க்குள்தான் வருகிறது, "யூனிட் மூணு ரூபாய்தானே" என்பது அவர் கணக்கு. சரியா?
– வாசகி, தாம்பரம்

வகுத்தது சரி, ஆனால் அந்த மூன்று ரூபாய் உங்கள் ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும்தான், காருக்குக் கிடைக்காது. இலவச 100 யூனிட்டையும் அதற்கடுத்த மலிவான ஸ்லாபையும் (யூனிட் கூடக் கூட விலை ஏறும் படிக்கட்டில் கீழ்ப்படி) வீடே தின்றுவிடுகிறது, கார் அதற்கு மேலே போய் உட்காரும். கணக்குப் போட்டே பார்ப்போம். பேட்டரியில் ஏறும்போது கொஞ்சம் வீணாவதையும் சேர்த்து, மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்கு 6 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 2,000 கி.மீ. என்றால் சுமார் 333 யூனிட். 400 இப்போது 733 ஆகிறது. 500-ஐத் தாண்டியதும் யூனிட் எட்டரை ரூபாய், 600-க்கு மேல் ஒன்பதரை ரூபாய்க்கு மேல், அது போதாதென்று கீழ் ஸ்லாபில் இருந்த சலுகை விலையும் போய்விடும். ஆகமொத்தம் பில் 3,000 ரூபாய்போல ஏறும், அதாவது காருக்குப் போகும் கரண்டு யூனிட் 9 ரூபாய்.

அப்படியிருந்தும் எலெக்ட்ரிக்தான் ஜெயிக்கிறது! கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் உங்கள் கார் கி.மீ.க்கு 6.67 ரூபாய் குடிக்கிறது. மாதம் 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் மிச்சம்.

சரி, வாங்கும் விலை? ஒரே அளவு காரில் எலெக்ட்ரிக் 4 லட்சம் கூடுதல் என்றால், அதை எரிபொருள் மிச்சத்திலேயே எடுக்க ஆறரை வருஷம் ஆகும். ஆயில் மாற்றுவது, கிளட்ச் எல்லாம் கிடையாது என்பதால் சர்வீஸ் செலவு குறைந்து அது இன்னும் கொஞ்சம் சுருங்கலாம். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறார்கள், அதற்குள் கணக்கு முடிந்துவிடுவதால் உங்களுக்கு வாங்கலாம் என்பேன். இதே மாதம் 500 கி.மீ.தான் ஓடும் என்று எழுதியிருந்தால் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இழுக்கும், பேசாமல் பழைய காரையே ஓட்டுங்கள் என்றிருப்பேன். எதற்கும் ஷோரூம்காரர் கொடுக்கும் கணக்கில் யூனிட் விலை என்ன போட்டிருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: அபார்ட்மென்ட்டில் சார்ஜ் போட வசதி இல்லை. வெளியே ஃபாஸ்ட் சார்ஜரிலேயே போட்டுச் சமாளிக்கலாமா?
– வாசகர், கோவை

ஓட்டலாம், மிச்சம் பிடிப்பதுதான் கஷ்டம். யூனிட் 18 ரூபாய், அதற்கு மேல் 18% ஜி.எஸ்.டி. என்றால் 21 ரூபாயைத் தாண்டிவிடும், கி.மீ.க்கு மூன்றரை ரூபாய். மேலே தாம்பரம் வாசகிக்குப் போட்ட அதே 4 லட்சத்தை, மாதம் அதே 1,000 கி.மீ. ஓட்டி எடுக்க உங்களுக்குப் பத்தரை வருஷம் ஆகும், சார்ஜரில் வரிசையில் நிற்கும் நேரம் தனி. அசோசியேஷனில் பேசி உங்கள் பார்க்கிங்குக்கு உங்கள் மீட்டரிலிருந்தே ஒரு 15 ஆம்பியர் லைன் இழுக்க முடியுமா என்று கேளுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகு. அதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளும் வரை புக்கிங் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.