கோஸ்டா ரிகா கடலோரத்தில் வீடு கட்டப் போகும் வெளிநாட்டவரிடம் பேசப்படும் 'கன்செசியோன்' என்றால் என்ன?

கடலோர அரசு நிலத்துக்கு நகராட்சி தரும் குத்தகை உரிமைதான் கன்செசியோன். 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடல் ஏற்றத்தின்போது நீர் தொடும் கோட்டிலிருந்து 200 மீட்டர் பெரும்பாலும் நாட்டுடைமை. முதல் 50 மீட்டர் பொதுமக்களுக்கு. அடுத்த 150 மீட்டருக்கு 5 முதல் 20 ஆண்டு வரை குத்தகை கிடைக்கும். கரை எல்லோருக்கும் பொது என்பதே காரணம். எனக்கு அது மிக நியாயமாகப் படுகிறது.

கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பது போலத்தான்: சுவர் நம்முடையது, மண் கோயிலுடையது. மனை பார்க்கப் போனால், சரி, முதலில் கரையோரம் நட்டிருக்கும் சிமெண்ட் எல்லைக்கல்லைத் தேடுங்கள். 50 மீட்டர் அங்கே முடிகிறது.

வெளிநாட்டவருக்கு அந்நாட்டில் நிலமே கிடைக்காது என்பது தவறு. 5 ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும் என்பது இந்தக் குத்தகைக்குத்தான், சாதாரணப் பட்டா நிலத்துக்கு இல்லை.