வாசகர் கேள்வி – பதில்: தண்ணீரைப் போல் தோன்றும் மெத்தனால்

தொழிற்கூடங்களில் பயன்படும் கரைப்பான்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெத்தனாலைப் பற்றியே கேட்டிருந்தன. மெதில் ஆல்கஹால் என்றும் இதற்குப் பெயர் உண்டு. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சிப்காட் வளாகத்தில், பல்சக்கரங்களுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். உலைக்குச் செலுத்துவதற்காக மெத்தனால் பேரல்களில் வருகிறது. கைப்பம்பு பழுதானால் குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக் கேனுக்கு மாற்றுவதும், ஷிப்ட் முடிந்ததும் கைகளை அதிலேயே கழுவிக்கொள்வதும் எங்களிடையே வழக்கம். "ஸ்பிரிட்தானே, ஆவியாகிப் போய்விடும்" என்கிறார்கள் மூத்தவர்கள். இது சரியா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: இரண்டு வழக்கங்களையும் இன்றே நிறுத்திவிடுங்கள். வாயால் உறிஞ்சும்போது தவறி உள்ளே போகும் ஒரு மடக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மில்லி இருக்கும். தூய மெத்தனால் 10 மில்லி அளவிலேயே பார்வையைப் பறித்துவிடக்கூடும் என்றும், 30 மில்லி உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. கை கழுவுவதும் குறைந்த ஆபத்தன்று, ஏனென்றால் மெத்தனால் தோலின் வழியாகவும் உடலுக்குள் புகும். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதில் அது அப்படியொன்றும் கெட்டிக்காரப் பொருளும் அல்ல. சோப்பும் தண்ணீரும் அதைவிட நன்றாகவே வேலை செய்யும்.

"ஆவியாகிப் போய்விடும்" என்று ஆறுதலாகச் சொல்லப்படுவதில்தான் இந்தப் பொருளின் மற்றோர் ஆபத்து அடங்கியிருக்கிறது. மெத்தனாலின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 11 டிகிரி செல்சியஸ். ஓசூரின் மார்கழிக் குளிரில்கூட வெப்பநிலை அந்த அளவுக்கு இறங்குவது அரிது என்பதால், திறந்த பேரலின் வாயருகே ஆண்டு முழுவதும் எரியத் தயாரான ஆவி நின்றுகொண்டிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். காற்றில் அந்த ஆவி 6 விழுக்காடு முதல் 36 விழுக்காடு வரை எந்த அளவில் கலந்திருந்தாலும் பற்றிக்கொள்ளும். பெட்ரோலுக்கு இந்த வரம்பு சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடுதான் என்பதோடு ஒப்பிட்டால், மூடிய அறையிலோ பாதி காலியான பேரலிலோ வெடிக்கத்தக்க கலவை உருவாகும் வாய்ப்பு எவ்வளவு விரிவானது என்பது புரியும்.

மூக்கை நம்பியும் பயனில்லை. எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் 200 பங்குக்கு மேல் மெத்தனால் ஆவி இருக்கக் கூடாது என்பது தொழிற்சாலைகளில் பின்பற்றப்படும் வரம்பு. ஆனால் பலருக்கு அந்த அளவையும் பல மடங்கு தாண்டிய பிறகுதான் வாசனையே தெரியும். "நாற்றம் வரவில்லை, ஆகவே பரவாயில்லை" என்ற கணக்கு இங்கே தப்புக் கணக்கு. கரைப்பான் ஆவிக்கென்று கடைகளில் விற்கும் கரித்தூள் வடிகட்டி மாஸ்க்குகள் மெத்தனாலை மிகக் குறைந்த நேரமே தடுத்து நிறுத்தும். ஆவி அதிகமுள்ள இடத்தில் வெளியிலிருந்து காற்று செலுத்தும் முகக்கவசமே தேவை. கையுறையிலும் இதே கவனம் வேண்டும். மருத்துவமனைகளில் காணும் மெல்லிய கையுறைகள் போதா. பியூட்டைல் ரப்பர் கையுறை கேட்டு வாங்குங்கள்.

பேரலிலிருந்து மாற்றும்போது பேரலையும் கேனையும் கம்பியால் இணைத்து, பேரலை எர்த்திங் செய்ய வேண்டும். நிலைமின்சாரத்தின் ஒரு சிறு பொறி போதும். அலுமினியம், துத்தநாகப் பூச்சுள்ள பாத்திரங்களை மெத்தனால் அரிக்கக்கூடும் என்பதால் எஃகுக் கேன்களே நல்லது. பேரல்களை வெயிலில் நிறுத்தாதீர்கள், 64.7 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது.

உலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சூடான உலைக்குள் மெத்தனால் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைவதால்தான் எஃகின் மேற்பரப்பு கடினமாக்கப்படுகிறது. உலையின் உள்வெப்பம் 760 டிகிரியைத் தாண்டுவதற்கு முன் மெத்தனாலைத் திறந்தால், அது எரியாமல் காற்றோடு கலந்து உள்ளே தேங்கிப் பின்னர் மொத்தமாக வெடிக்கும். மின்தடைக்குப் பிறகு உலையை மீண்டும் தொடங்கும் வேளையில், உற்பத்தி இலக்கைக் காட்டி யாரேனும் அவசரப்படுத்தினால், வெப்பமானியைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் டேங்கர் லாரிகள் கவிழ்வதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். கவிழ்ந்த லாரியில் இருப்பது மெத்தனால்தான் என்பதை எப்படி அறிவது? அருகிலிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகி, நல்லம்பள்ளி

பதில்: திரவத்தைப் பார்த்தோ முகர்ந்தோ அறிய முயலவே கூடாது. டேங்கரின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் உள்ள அவசரத் தகவல் பலகையைத் தொலைவிலிருந்தே படியுங்கள். மெத்தனாலுக்கு உலக அளவில் வழங்கப்பட்ட எண் 1230. அத்துடன் தீச்சுடர் வரைந்த சிவப்புச் சாய்சதுரமும், பல வண்டிகளில் மண்டையோட்டுக் குறியும் இருக்கும். 101 அல்லது 112-ஐ அழைக்கும்போது வேறெதைச் சொல்ல மறந்தாலும் அந்த நான்கு இலக்க எண்ணைச் சொல்ல மறக்காதீர்கள். தீயணைப்புப் படையினர் எந்த நுரையை எடுத்து வர வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. பெட்ரோல் தீக்குப் பயன்படும் சாதாரண நுரையில் உள்ள நீரை மெத்தனால் இழுத்துக்கொள்வதால் அந்த நுரை உடைந்துபோகும். ஆல்கஹாலைத் தாங்கும் தனி வகை நுரைதான் அதன்மேல் நிற்கும்.

காற்று வீசி வரும் பக்கமாக, மேட்டுப் பகுதிக்கு விலகிச் செல்லுங்கள். மெத்தனால் ஆவி காற்றைவிடச் சற்றே கனமானது என்பதால் பள்ளங்களிலும் சாலையோரக் கால்வாய்களிலும் தங்கும். வண்டியைக் கிளப்பாதீர்கள், பீடி பற்றவைக்காதீர்கள், கைப்பேசியில் படம் பிடிக்க அருகே போகாதீர்கள். கவிழ்ந்த வண்டியிலிருந்து கேனிலும் குடத்திலும் பிடித்துச் செல்லும் கூட்டத்தைச் செய்திப் படங்களில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படி வீட்டுக்குப் போகும் ஒரு குடம், தீ விபத்தையும் நஞ்சையும் ஒருசேரச் சுமந்துகொண்டு போகிறது.

கேள்வி: மெத்தனால் எரிந்தால் சுடர் தெரியாது என்கிறார்களே, உண்மையா?
– பள்ளி ஆசிரியர், பாலக்கோடு

பதில்: பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் தெரியாது. புகையோ கரியோ இன்றி மங்கிய நீல நிறத்தில் எரிவதே காரணம். 1981-இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் கார் பந்தயத்தில் ரிக் மியர்ஸ் என்ற ஓட்டுநரின் வண்டியில் எரிபொருள் நிரப்பும்போது மெத்தனால் சிந்திப் பற்றிக்கொண்டது. அவரும் உதவியாளர்களும் தீயில் துடித்துக்கொண்டிருக்க, சுற்றி நின்றவர்களுக்கு நெருப்பே கண்ணில் படவில்லை. காற்றில் ஏற்படும் கானல் போன்ற அசைவும் முகத்தில் உறைக்கும் வெப்பமும்தான் அடையாளம்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் ஒரு வேண்டுகோள். மெத்தனாலில் உப்புகளைக் கரைத்துப் பல நிறச் சுடர்களைக் காட்டும் "வானவில்" சோதனையில், சுடர் அணைந்துவிட்டது என்று எண்ணிப் புட்டியிலிருந்து மேலும் ஊற்றியபோது தீ பாய்ந்து மாணவர்கள் கருகிய நிகழ்வுகள் அமெரிக்கப் பள்ளிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை. உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியைப் பன்சன் விளக்கில் காட்டினாலே அதே நிறங்கள் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் தண்ணீர் பிடித்துவைக்கப் பழைய தொழிற்சாலைப் பேரல்களை மலிவாக வாங்குகிறோம். இரும்புப் பேரலை வெல்டிங் கடையில் வெட்டித் தொட்டியாக்குவதும் உண்டு. கழுவினால் போதுமா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் கோடையில் பேரல் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாத ஊர்கள் நம் பக்கம் உண்டு என்பதை அறிவேன், ஆகவே "வாங்காதீர்கள்" என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. மெத்தனால் தண்ணீரில் முழுமையாகக் கலக்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பேரலில் அதற்கு முன்பு வேறு என்ன இருந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. குடிக்கவும் சமைக்கவும் உணவுத் தரப் பேரலோ புதிய தொட்டியோ மட்டுமே தகும்.

வெட்டுவது இன்னும் மோசம். நிரம்பிய பேரலைவிட "காலி" பேரலே வெடிக்கும் ஆபத்து மிகுந்தது, ஏனென்றால் அடியில் தங்கிய ஒரு கையளவு திரவமே உள்ளே உள்ள காற்றை வெடிகலவையாக்கிவிடும். கேஸ் கட்டிங், கிரைண்டர் எதுவும் அதன் அருகே போகக் கூடாது. உங்கள் ஊர் வெல்டருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தால் குடித்தவரிடம் எப்படித் தெரியும்? நல்ல மது கொடுத்தால் முறிந்துவிடும் என்பது உண்மையா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: 2008 மே மாதம் பெங்களூரு, கோலார் பகுதிகளோடு நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தையும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டோரை ஒரே வாரத்துக்குள் கொன்றதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதுவேதான். காய்ச்சுவதில் நேர்ந்த பிழை என்று சிலர் இதைச் சொல்கிறார்கள். ஊறலில் இயற்கையாக உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். இத்தனை உயிர்களைப் பறிக்கும் அளவு, தொழிற்சாலைக்குரிய மெத்தனாலைக் கொண்டுவந்து கலந்தால்தான் வரும்.

குடித்த உடனே சாதாரணப் போதை மட்டுமே தெரியும். கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு எறும்புக் கடியில் உள்ள அதே ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது; பார்வை நரம்பைத் தாக்குவதும் இரத்தத்தை அமிலமாக்குவதும் இந்த அமிலமே. அது சேர்வதற்குப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் ஆகும். சாதாரண மதுவும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். இரவு நன்றாக வீடு திரும்பியவர் மறுநாள் தலைவலி, வாந்தி, கடும் வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, பனிப்புகைக்குள் பார்ப்பதுபோல் மங்கிய பார்வை ஆகியவற்றைச் சொன்னால், அதைக் குடித்த மயக்கம் என்று விட்டுவிடாமல் 108-ஐ அழையுங்கள். அவரோடு குடித்தவர்கள் இன்னும் நலமாகத் தோன்றினாலும் அவர்களையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். கேஸாகிவிடும் என்று அஞ்சி ஒளிந்துகொள்பவர்களே பெரும்பாலும் பார்வையையோ உயிரையோ இழக்கிறார்கள்.

நல்ல மது முறிக்கும் என்பது பாதி உண்மை. மதுவில் உள்ள எத்தனாலும் மெத்தனாலும் ஒரே நொதிக்காகப் போட்டியிடுவதாலும், எத்தனாலுக்கே அந்த நொதி முதலிடம் தருவதாலும், மருத்துவர்கள் அதை மருந்தாகப் பயன்படுத்துவது உண்டு. ஃபோமெபிசோல் என்ற மருந்தும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதை இரத்த அளவைக் கண்காணித்து, அமிலத்தைச் சரிசெய்யும் சோடியம் பைகார்பனேட்டோடும் தேவைப்பட்டால் டயாலிசிஸோடும் சேர்த்துச் செய்கிறார்கள். வீட்டில் மயங்கிக் கிடப்பவர் வாயில் மதுவை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கும். வாந்தி எடுக்கவைக்கவும் முயல வேண்டாம்; ஒருக்களித்துப் படுக்கவைத்து, டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மிச்சமிருக்கும் பாக்கெட்டையோ புட்டியையோ எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு நேரம் மிச்சமாகும்.

கேள்வி: மரச்சாமான் பாலிஷ் கடை வைத்திருக்கிறேன். மெத்தனால் வாங்கி இருப்பு வைக்க உரிமம் வேண்டுமா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டும். மெதில் ஆல்கஹாலையும் ஃபிரெஞ்சு பாலிஷையும் கட்டுப்படுத்தும் 1959-ஆம் ஆண்டு விதிகள் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளன. மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். உரிமம் கிடைத்த பின்னும், வாங்கிய லிட்டர், பயன்படுத்திய லிட்டர், மிச்சம் ஆகியவற்றை அன்றன்றே பதிவேட்டில் எழுதி, பேரலைப் பூட்டி வையுங்கள். உங்கள் கடையில் கணக்கில் விடுபட்ட ஐந்து லிட்டர் எந்த ஊர்ச் சாராயக்காரனிடம் போய்ச் சேரும் என்பதை உங்களால் அறிய முடியாது. என்னைக் கேட்டால், உங்கள் வேலைக்கு மெத்தனாலே தேவையில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்த அரக்கும் நன்றாகவே பளபளக்கும், விலை சற்றுக் கூடுதல் என்பதைத் தவிர.