நான்கு விரல் இறங்குகிறது, என்ன செய்ய?

கேள்வி: என்னுடையது 2012 மாடல் ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி. பின்னால் காயில் ஸ்பிரிங், அதாவது சுருள் ஸ்பிரிங். மேலே கேரியர், அதில் மடக்குக் கூடாரம், டிக்கியில் தண்ணீர் கேன், அடுப்பு, கூடவே நாங்கள் நான்கு பேர். இவ்வளவும் ஏற்றினால் பின்பக்கம் நான்கு விரல் இறங்கிவிடுகிறது. வால்பாறை ஏறும்போது நாற்பது கொண்டை ஊசியிலும் தொட்டில் மாதிரி ஆடுகிறது. ஜூன் கடைசியில் இமாச்சலப் பிரதேச மலையில் உள்ள ஸ்பிதி போகிறோம். இருப்பதிலேயே கனமான ஸ்பிரிங்காகப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: நான்கு விரல் என்றால் யாருடைய விரல்? முதலில் ஒரு டேப் எடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலியாக ஒரு அளவு. ஸ்பிதிக்குப் போகும் அத்தனை சாமானையும் ஏற்றி, நால்வரும் உட்கார்ந்து இன்னொரு அளவு. அப்படியே எடைமேடைக்கு விடுங்கள். முழு வண்டிக்கு ஒரு சீட்டு, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. இந்தச் சீட்டு கையில் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் தன்னிடம் எது ஸ்டாக் இருக்கிறதோ அதுதான் உங்கள் வண்டிக்குப் பொருத்தம் என்பார்.

அப்புறம், நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. இறங்குவது ஸ்பிரிங் விவகாரம். ஆடுவது பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் விவகாரம். ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். அது குதிக்கத் தொடங்கினால் அடக்குவது ஷாக்தான். வண்டியோடு வந்த ஷாக்கே இன்னும் இருந்தால் கீழே குனிந்து பாருங்கள். எண்ணெய் கசிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கருப்பாக இருந்தால் அது செத்துவிட்டது. வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரின் ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். அது சின்ன சாமான்தான், ஆனால் தேய்ந்துவிட்டால் வளைவில் வண்டியே சாயும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு கனமான ஸ்பிரிங் மட்டும் போட்டால் இன்னும் அதிகமாகத் தூக்கிப்போடும்.

நானே இதில் பட்டவன். என் பழைய ஜீப்பில் இருந்தது பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். லோடுக்காக அதில் இரண்டு பட்டை சேர்த்தேன். லோடு இருந்தவரை ராஜநடை. ஒருநாள் காலி வண்டியில் அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது, "நீ முன்னாடி போ சாமி, நான் பஸ்ஸில வந்துக்கறேன்" என்றுவிட்டார்.

கனம் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிங் கம்பி 13 மில்லிமீட்டரிலிருந்து 14 ஆனால் கையில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் புரியாது. ஆனால் சுருளின் அகலமும் எண்ணிக்கையும் அப்படியே இருந்தால், அந்த ஒரு மில்லிமீட்டருக்கே விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறிவிடும். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் ஈமு போன்ற சஸ்பென்ஷன் பிராண்டுகள் ஒரே வண்டிக்கு லோடு வாரியாக வேறு வேறு ஸ்பிரிங் தருவது இதனால்தான். கூடாரம் வருடம் முழுக்க மேலேயே இருக்குமென்றால், உங்கள் சீட்டில் உள்ள எடைக்கு ஏற்றதை வாங்குங்கள். வருடத்துக்கு இரண்டு பயணம்தான் என்றால், பழைய ஸ்பிரிங் தளராமல் இருக்கிற பட்சத்தில் அதை விட்டுவிட்டு, காயிலுக்குள் பொருத்தும் காற்றுப்பை போடுங்கள். லோடு ஏற்றும்போது காற்று, இறக்கியதும் குறைத்துவிடலாம். சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் கட்டை வேண்டாம். அது அந்தச் சுருளை வேலை செய்ய விடாது.

ஷாக்கில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ஸ்பிதி பக்கம் மணிக்கணக்கில் குலுக்கும் பாதையில் உள்ளே எண்ணெய் சூடேறி நுரைத்துவிடும். நுரைத்தால் பிடிப்பு போச்சு. கேஸ் நிரப்பிய ஷாக் இதை நன்றாகத் தாங்கும்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி லிஃப்டில் தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கிவிடுவார்கள். கூடாது. சக்கரம் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு பிரேக் வால்வு இணைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலி என்று அது நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஹெட்லைட் உயரத்தையும் வீல் அலைன்மென்டையும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். ஸ்பிரிங் கனமானதால் வண்டியின் தகட்டில் உள்ள மொத்த எடை வரம்பு உயர்ந்துவிடாது. ஆக்சிலும் பிரேக்கும் பழையவைதான். எடைமேடைச் சீட்டு அந்த எண்ணைத் தாண்டினால், கூடாரத்தை இறக்கிவிட்டு அறை எடுத்துத் தங்குங்கள்.

கேள்வி: என் வண்டிக்குப் பின்னால் லீஃப் ஸ்பிரிங். ஒரு பட்டை கூட்டினால் போதுமா?
– இன்னொரு வாசகர், தேனி

பதில்: தினமும் லோடு என்றால் போதும், ஷாக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா சுற்றுவதற்கு என்றால் வேண்டாம். முதலில் பட்டைகளைக் கழற்றித் துரு எடுத்து, பட்டையின் முனையை வண்டியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷை மாற்றி ஓட்டிப் பாருங்கள். காலி வண்டி கட்டைபோல் குதிப்பது பாதி அதிலேயே அடங்கிவிடும்.