பல்லடத்துப் பெற்றோருக்கு: பேருந்துத் தடம் வரையும் படிப்பு

பல்லடத்தில் கூலிக்குத் தறி ஓட்டும் ஒருவரும் அவர் மனைவியும், பிளஸ் டூ முடித்த மகளோடு சென்ற வாரம் என்னிடம் வந்திருந்தனர். கலந்தாய்வில் கணினி அறிவியல் கிடைப்பது கடினம் என்பதால் தாய்மாமன் ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் பேசி வைத்திருக்கிறார். அதற்காக இருக்கும் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தை விற்கலாமா என்பதே அவர்கள் கேள்வி. பதற வேண்டாம் என்று சொல்லத் தொடங்கிய நான், மகளின் நோட்டைப் பார்த்ததும் பேச்சை மாற்றினேன். ஊர் வழியாகச் செல்லும் டவுன் பஸ்களின் நேரத்தையும் பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் முடியும் நேரத்தையும் அருகருகே எழுதி, இரவு 9 மணிக்கு மேல் வண்டியே இல்லாத ஊர்களை அவள் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள்.

தோட்டத்தை விற்காதீர்கள். தாய்மாமனின் அக்கறை உண்மையானதுதான். ஆயினும் பணம் கட்டப்போவது நீங்கள், நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்காரப்போவது உங்கள் மகள். ஒரு பாடப்பிரிவின் பெயருக்காகக் குடும்பத்தின் ஒரே சொத்தை இழக்க நான் உடன்படமாட்டேன்.

அவள் நோட்டில் செய்திருப்பது போக்குவரத்துத் திட்டமிடல். அதையே, இடங்களையும் அவற்றின் தரவுகளையும் கணினி வரைபடத்தில் சேர்த்துப் பார்க்கும் புவியியல் தகவல் அமைப்பில், அதாவது ஜி.ஐ.எஸ்.ஸில், செய்யும்போது ஒவ்வொரு நிறுத்தமும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொண்ட புள்ளியாகிறது. பல்லடம் ஏறத்தாழ வடக்கே 11 பாகையிலும் கிழக்கே 77 பாகையிலும் இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டால் நம் பேருந்து நிலையம் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். நடுவில் தடுப்புள்ள நெடுஞ்சாலையில் நிறுத்தத்தை எதிர்ப்பக்கம் குறித்துவிட்டாலும், கணினி வண்டியை வெகுதூரம் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும். ஊரைத் தெரிந்த பிள்ளைதான் இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிப்பாள்.

இந்த வேலைக்குக் கிளவுட் கணினிகளும் தேவைப்படும் என்றேன்; அது எதற்கு என்று தந்தை கேட்டார். ஒரு பேருந்து பத்து விநாடிக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தை அனுப்பினால், பதினாறு மணி நேரத்தில் 5,760 பதிவுகள் சேரும். 500 பேருந்துகளுக்கு ஒரு நாளில் 28,80,000. ஒரு மாதப் பதிவுகளைச் சாலை வரைபடத்தோடு பொருத்தி, எந்தச் சந்திப்பில் எந்த நேரம் தேக்கம் ஏற்படுகிறது என்று பார்க்க வீட்டுக் கணினி திணறும். ஆகவே தொலைவிலுள்ள பெரிய கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் நிறுத்த மறந்தால் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜி.ஐ.எஸ். கற்பிக்கும் புவித்தகவலியலுக்கென்றே பி.இ. படிப்பு இருக்கிறது; கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் அதை மேலே வையுங்கள். அது கிடைக்காவிட்டால், சித்தோட்டில் போக்குவரத்துக் கழகங்கள் தொடங்கிய ஐ.ஆர்.டி.டி. கல்லூரி இருக்கிறது; அதன் இப்போதைய பெயர் ஈரோடு அரசு பொறியியல் கல்லூரி. அங்கே சிவில் படிக்கலாம். எங்கே படித்தாலும் பைத்தான் என்னும் நிரல்மொழியையும் தரவுத்தளத்தையும் சேர்த்துக் கற்க வேண்டும். வரைபடத்துக்கு வண்ணம் தீட்டத் தெரிந்தால் மட்டும் நல்ல சம்பளம் வராது. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. ஜி.ஐ.எஸ். வேலைகளுக்கான க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசமே.

கல்லூரி திறக்கும் வரை அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: பல்லடத்திலிருந்து திருப்பூர் வரை டவுன் பஸ்ஸில் சென்று, ஒவ்வொரு நிறுத்தத்தின் இருப்பிடத்தையும் கைபேசியில் குறித்து வர வேண்டும். திரும்பி வரும் வழியை விட்டுவிடக் கூடாது. எதிர்ப்பக்க நிறுத்தங்கள் தனிப் புள்ளிகள்.