ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும்

வாசகர் கேள்வி – பதில்: பெருநகரத்தில் குடும்ப உலா

எங்களுக்கு 3 வயதில் மகன், 8 வயதில் மகள். விடுமுறை நாளில் பூங்கா, அருங்காட்சியகம், கடற்கரை மூன்றையும் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறோம். மதியத்துக்குள் சின்னவன் அழ ஆரம்பித்துவிடுகிறான். பெரியவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். எங்கே தவறு செய்கிறோம்?

மூன்று இடம் என்பதில்தான். பெருநகரத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதே பாதி நாளைத் தின்றுவிடும். வண்டி நிறுத்த இடம் தேடுவது, நுழைவுச்சீட்டு வரிசை, கழிப்பறை எங்கே என்று விசாரிப்பது எல்லாம் பெரியவர்களுக்கு உலாவின் ஒரு பகுதி. குழந்தைக்கு அது வெறும் காத்திருப்பு. ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கைச் சின்னவனின் மதியத் தூக்கத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். அவன் 1 மணிக்குத் தூங்குபவன் என்றால் 12 மணிக்கு நீங்கள் வாசலுக்கு வெளியே இருக்க வேண்டும். 9 மணிக்குத் திறக்கும் இடத்துக்கு 9 மணிக்கே போய்விட்டால் கையில் 3 மணி நேரம். அதில் 2 மணி நேரம்தான் பார்ப்பதற்கு. மீதி உட்கார, சாப்பிட, கழிப்பறைக்கு. திரும்பும் வழியில் அவன் தூங்கிவிடுவான். அந்த அமைதி பெரியவளுக்கும் வேண்டும்.

“கிளம்பலாம்” என்று திடீரென்று சொல்வதுதான் பாதி அழுகைக்குக் காரணம். 3 வயதுக்கு “இன்னும் பத்து நிமிடம்” என்றால் புரியாது. “இன்னும் மூன்று தடவை சறுக்கிவிட்டுப் போகலாம்” என்றால் புரியும். மூன்றாவது முடிந்ததும் கிளம்பிவிடுங்கள், நான்காவது கூடாது. மகளிடம் இடத்தின் வரைபடத்தைக் கொடுத்து, கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அதை முதலில் பாருங்கள்.

கட்டிச்சோறு கொண்டுபோனால் ஒரு எச்சரிக்கை. சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரம்தான் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். தண்ணீர் பாட்டில் ஒன்றை முந்தைய இரவே உறைய வைத்து உணவுப் பையில் வைத்தால் சாப்பாடும் கெடாது, பிறகு குடிக்கவும் ஆகும். பாட்டிலை முழுக்க நிரப்பாதீர்கள். உறையும்போது தண்ணீர் விரியும், பாட்டில் பிளந்துவிடும்.

காரில் ஏறிய அரை மணி நேரத்தில் 6 வயது மகள் வாந்தி எடுக்கிறாள். வெறும் வயிற்றோடு கூட்டிப் போனாலும் நிற்கவில்லை.

வெறும் வயிறும் குமட்டலைக் கூட்டும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் இல்லாத, கொஞ்சமான உணவு கொடுங்கள்.

உள்காது “நகர்கிறோம்” என்று சொல்ல, கையில் உள்ள படப் புத்தகத்தையோ கைபேசியையோ பார்க்கும் கண் “அசையவில்லை” என்று சொல்கிறது. இந்த முரண்தான் குமட்டல். 2 வயதிலிருந்து 12 வயது வரை இது அதிகம். எனவே வண்டியில் திரை வேண்டாம். பின்னிருக்கையின் நடுவில், முன்கண்ணாடி வழியாகத் தொலைவு தெரியும்படி உட்காரட்டும். அவளுக்குரிய இருக்கையும் வாரும் அங்கே சரியாகப் பொருந்தினால் மட்டும். சன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, பேச்சு நின்றுவிட்டால் வாந்தி வரப்போகிறது என்று அர்த்தம். அப்போதே வண்டியை ஓரம்கட்டி இறக்கி நடக்கவிடுங்கள். மாத்திரை தேவையென்றால் வயதுக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேளுங்கள். அது பயணத்துக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிய பயன் இல்லை.

அருங்காட்சியகத்துக்குப் போனால் மகன் அரை மணி நேரத்தில் “கால் வலிக்குது” என்கிறான். மைதானத்தில் இரண்டு மணி நேரம் ஓடுபவன்! சாக்குச் சொல்கிறானா?

இல்லை, நிஜமாகவே வலிக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நின்று நின்று நகரும்போது அந்த வேலை சரியாக நடப்பதில்லை. பெரியவர்களுக்கும் இதே கதிதான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-இல் இதை ஆராய்ந்து எழுதினார். காட்சிப் பொருளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் படம் எடுத்தே காட்டினார்.

எல்லா அறைகளையும் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். இரண்டு கூடங்கள் போதும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். ஒரு சிறு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்கள். பேனா வேண்டாம், பல இடங்களில் மைக்கு அனுமதி இல்லை. வரையும்போது விளிம்பில் உள்ள உடைசல், கைபட்டுத் தேய்ந்த பிடி எல்லாம் தானாகக் கண்ணில் படும். “இதை எந்தக் கையால் பிடித்திருப்பார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கிருந்து வளரும். இன்னொன்று, அவன் உயரத்துக்குக் குனிந்து அதே பெட்டியை நீங்களும் ஒருமுறை பாருங்கள். பல பெட்டிகளில் அந்த உயரத்தில் தெரிவது விளக்கின் பிரதிபலிப்பு மட்டும்தான். அப்படியானால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நிற்கச் சொல்லுங்கள்.

விலங்குக் காட்சிசாலையில் எப்போது போனாலும் சிங்கம் தூங்குகிறதே?

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்கூட ஓய்வில் இருக்கும். பல விலங்குகள் அதிகம் நடமாடுவது காலையிலும் அந்தியிலும்தான். திறந்தவுடன் உள்ளே போய், எல்லோரும் மொய்க்கும் முதல் கூண்டுகளை விட்டுவிட்டு, கடைசிக் கோடியிலிருந்து தொடங்குங்கள். இரை வைக்கும் நேரம் வாசலிலேயே எழுதியிருந்தால் அதைச் சுற்றி நடையை அமைத்துக்கொள்ளுங்கள்.

கடலில் முழங்கால் ஆழத்துக்கு மேல் பிள்ளைகளை விடுவதில்லை. அது போதாதா?

போதாது. அலை திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு போகும், முழங்கால் ஆழத்திலேயே குழந்தை விழும். விழுந்த குழந்தை கத்தாது, கையசைக்காது. மூச்சுக்குத் தவிக்கும்போது குரல் எழும்பாது. ஆகவே கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது, கை நீட்டினால் எட்டும் தொலைவில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும், கைபேசி இல்லாமல்.

இன்னும் பெரிய ஆபத்து உள்ளே இழுக்கும் நீரோட்டம். கரையில் வந்து குவிந்த தண்ணீர், மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை உடைவதில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அமைதியான, கொஞ்சம் கருத்த பட்டை. “இங்கே அலையே இல்லை” என்று நம்பிக் குடும்பங்கள் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். இறங்கும் முன் சற்று மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள், அந்தப் பட்டை பிடிபடும். அலைத்தடுப்புக் கற்சுவரை ஒட்டியும் இந்த இழுப்பு உண்டு.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. நல்ல நீச்சல்காரரையும் மிஞ்சும் வேகம் அதற்கு உண்டு. ஆனால் அது ஆளை அடியில் அமுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை உள்ள பக்கம் வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். ஒருவரைக் காப்பாற்ற வெறுங்கையோடு குதிக்காதீர்கள், மிதக்கும் எதையாவது வீசுங்கள். காற்றடைத்த விளையாட்டு வளையத்தை நம்பாதீர்கள், கரையிலிருந்து வீசும் காற்று குழந்தையோடு அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். மணலில் குழி தோண்டினால் குழந்தையின் முழங்கால் ஆழத்தோடு நிறுத்துங்கள். ஈர மணல் சரிந்து மூடினால் கையால் தோண்டி எடுக்க நேரம் இருக்காது.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்?

அன்று காலை கிளம்பும்போதே செருப்பு உட்பட முழு உருவத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம்கூட நினைவுக்கு வராது. உங்கள் எண்ணைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதி, வியர்வையில் அழியாதிருக்க மேலே ஒளி ஊடுருவும் ஒட்டுநாடா ஒட்டுங்கள். பெயரைச் சட்டையின் வெளிப்பக்கம் எழுதாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைக் குழந்தை நம்பிவிடும். “அம்மா அப்பா தெரியவில்லை என்றால் அங்கேயே நில். நாங்கள் வருவோம்” என்று சொல்லி, வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். உதவி கேட்பதானால் சீருடை ஊழியரிடம், அல்லது குழந்தையோடு இருக்கும் அம்மாவிடம். காணோம் என்று தெரிந்த நொடியே ஒருவர் அதே இடத்தில் நிற்க, மற்றவர் தேடட்டும். பக்கத்தில் குளமோ ஓடையோ இருந்தால் முதலில் அங்கே பாருங்கள், மற்ற இடங்கள் பிறகு.

தொலைநோக்கி இல்லை. நகர வெளிச்சத்தில், மொட்டை மாடியிலிருந்து பிள்ளைகளுக்கு வானத்தில் எதைக் காட்டலாம்?

நிலவையும் கோள்களையும் நகர வெளிச்சம் ஒன்றும் செய்யாது. 7×50 அல்லது 10×50 பைனாகுலர் போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, அடுத்தது முன்வில்லையின் அகலம் மில்லிமீட்டரில்). பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று வெளிச்சம் நேராக விழுவதால் நிழல் இல்லை, நிலவு தட்டையாகத் தெரியும். அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் அரைநிலவாக இருக்கும்போது ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டைப் பார்த்தால் பள்ளங்கள் நிழலோடு எழுந்து நிற்கும். கை நடுங்கினால் எதுவும் தெரியாது, நாற்காலியில் சாய்ந்து முழங்கையைக் கைப்பிடியில் ஊன்றச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரில் சாயவிடாதீர்கள்.

வியாழன் தெரியும் காலமென்றால் அதன் இருபக்கமும் ஒரே கோட்டில் நுண்ணிய புள்ளிகள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்ட நான்கு நிலவுகள் அவைதான். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும், நோட்டில் வரைந்து ஒப்பிடச் சொல்லுங்கள். மங்கலான விண்மீன்களுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை கைபேசியைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

வெறும் கண்ணுக்கென்றால் சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கி.மீ. உயரத்தில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அந்தியிலோ விடியலுக்கு முன்போ சிமிட்டாத வெண்புள்ளியாக வானத்தைக் கடக்கும். பாதி வழியில் சட்டென்று மறைந்தால் மேகம் என்று நினைக்க வேண்டாம், அது பூமியின் நிழலுக்குள் போயிருக்கும்.