மிச்சிகன் வர்ற தம்பிக்கு: இங்க அரசாங்கம் ஒண்ணு இல்ல

தம்பி, எச்1பி வேலை விசால அடுத்த மாசம் டெட்ராய்ட் பக்கம் வர்றேன், அமெரிக்க அரசியலமைப்பு கொஞ்சம் படிச்சிட்டு வரணுமா, பிரசிடென்ட் நினைச்சா எல்லாத்தையும் மாத்திடலாமா, வாடகை எவ்வளவு, மிக்சி கொண்டு வரலாமான்னு கேட்டிருக்கீங்க. வாடகையெல்லாம் நெட்லயே கிடக்கு, ஊரு மிக்சி இங்க 120 வோல்ட்ல சுத்தாது, அத விடுங்க. முதல் கேள்விக்கு வர்றேன்.

நான் வந்த புதுசுல, லைசென்ஸ் வேணும்னா செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் ஆபீசுக்குப் போன்னு சொன்னாங்க. டிவில அந்தப் பேர்ல வர்றவர் வெளியுறவு அமைச்சர், அவர் எதுக்கு எனக்கு கார் லைசென்ஸ் குடுக்கணும்னு முழிச்சேன். மிச்சிகன்ல அது மாநிலப் பதவி, ஜனங்க ஓட்டு போட்டு வர்றது. இங்க ஃபெடரல், அதாவது மத்திய அரசு வேற, மாநிலம் வேற, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பே இருக்கு. ஃபெடரலுக்குன்னு எழுதிக் குடுக்காத அதிகாரம் மாநிலத்துக்கோ மக்களுக்கோன்னு 1791லயே பத்தாவது திருத்தத்துல சொல்லிட்டாங்க, நம்ம நாட்டுல மிச்சமெல்லாம் டெல்லிக்கு, இங்க அப்படியே தலைகீழ். கவர்னர்னா மேலருந்து அனுப்பி வச்ச ஆள் இல்ல, நம்ம முதலமைச்சர் மாதிரி ஜெயிச்சு வர்றவர், பிரசிடென்ட்டால அவரைக் கலைக்க முடியாது.

பிரசிடென்ட்டும் சட்டம் போட முடியாது. காங்கிரஸ்னு சொல்ற இங்கத்த நாடாளுமன்றத்துல 435 பேர் சபையும் 100 பேர் செனட்டும் ஒத்துக்கணும், அவர் வீட்டோ பண்ணி மறுத்தாலும் ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு இருந்தா அத மீறி சட்டமாக்கிடலாம், கோர்ட்டு செல்லாதுன்னும் சொல்லலாம். ஆனா விசா விஷயத்துல இத நம்பி நிம்மதியா தூங்கிடாதீங்க, காங்கிரசே அவர் கைல நிறைய குடுத்து வச்சிருக்கு. 2020 ஜூன்ல ஒரே கையெழுத்துல வெளிநாட்டுல இருந்த புது எச்1பிக்காரங்க உள்ள வர்றது நின்னு போச்சு, பெட்டி கட்டினவங்க கட்டினபடியே உக்காந்திருந்தாங்க.

இப்ப முக்கியமானது. 2018ல மிச்சிகன் ஜனங்க ஓட்டு போட்டு கஞ்சாவ சட்டப்படி ஆக்கிட்டாங்க, ஹைவே பூரா விளம்பர போர்டு, ஆபீஸ் பசங்களும் "இங்க லீகல்தான் மச்சி"ம்பானுங்க. மாநிலத்துக்குத்தான் லீகல். உங்க விசா ஃபெடரல், ஃபெடரல் சட்டத்துல அது இன்னும் குத்தம், ரெண்டும் மோதினா ஃபெடரல்தான் மேல. கேஸே இல்லாட்டியும் இமிக்ரேஷன் ஆபீசர்கிட்ட அடிச்சேன்னு ஒத்துக்கிட்டாலே போச்சு.

இன்னொண்ணு, 1993 சட்டப்படி பெரும்பாலான மாநிலங்கள்ல லைசென்ஸ் எடுக்கறப்பவே வாக்காளரா பதியணுமான்னு கேப்பாங்க. சிட்டிசன் இல்லாதவங்க கை தவறியும் ஆமான்னு போடக்கூடாது. வேற மாநிலத்துல எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் படிக்காம டிக் அடிச்சு கையெழுத்தும் போட்டுட்டார், கிரீன் கார்டுக்குப் போனப்ப வக்கீலுக்கு அழுத காசுல ஒரு கார் வாங்கியிருக்கலாம். சிட்டிசன்னு பொய் சொன்னதா எடுத்துக்கிட்டா நாடு கடத்தறதுல போய் முடியும். கோர்ட்டு கேஸ்ல தீர்ப்பு சொல்ற குழுவுல உக்காரக் கூப்பிடற ஜூரி டூட்டி கடிதாசி வந்தா அப்பவும் அதே, சிட்டிசன் இல்லன்னு எழுதி அனுப்பிடுங்க, குப்பைல போடாதீங்க.

சிட்டிசன் இல்லன்னா உரிமையே இல்லன்னு ஆளுக்கொரு சமையல் கொண்டு வர்ற பாட்லக் விருந்து மேசைல மிரட்டுவாங்க, நம்பாதீங்க. 14வது திருத்தம் சமமான பாதுகாப்புன்னு சொல்றது எந்த மனுஷனுக்கும். 1886லயே சான் ஃபிரான்சிஸ்கோ சீன லாண்டரிக்காரர் ஒருத்தர் அதவச்சு சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சார்.

நம்ம ஆளுங்கள பத்தி ஒரு வயித்தெரிச்சல். பிரசிடென்ட் தேர்தலுக்கு ராத்திரி முழுக்க வாட்ஸ்அப்புல சண்டை போடுவாங்க, ஆனா பிள்ளைங்க பள்ளிக்கூடத்த நடத்தற ஸ்கூல் போர்டு எலெக்ஷனுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. வீட்டு வரிய மட்டும் திட்டிக்கிட்டே கட்டுவாங்க. நான் சிட்டிசன் ஆகி முதல் ஓட்டு போடப் போனப்ப சீட்டு ரெண்டு பக்கத்துக்கு நீளம், பிரசிடென்ட்டுக்குக் கீழ நீதிபதி, ஷெரிஃப்னு போய்க்கிட்டே இருந்துச்சு, கடைசில பாத்தா டிரெயின் கமிஷனர், அதாங்க வடிகாலுக்கு ஒரு ஆளு, அவருக்கும் ஓட்டு! என் வீட்டுக்காரர் வெளிய கார்ல ஹீட்டர் போட்டுக்கிட்டு இவ்வளவு நேரமா என்ன பண்றேன்னு கத்தினார். இப்ப மழைக்கு எங்க தெருல தண்ணி தேங்கினா அந்த ஆபீசுக்கு போன் போடறது நான்தான், அக்கம்பக்கத்து வெள்ளைக்காரங்களே என்கிட்ட வந்து நம்பர் கேக்கறாங்க.